திராட்சைக் கொடிகளின் நடுவே ஒரு சைக்கிள் யாத்திரை

லீவு கிடைத்தால் உடம்புக்கு ஓய்வு கொடுப்பதை விட்டு, கைக்காசையும் கொடுத்துக் கால்வலியையும் விலைக்கு வாங்குவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். 1936-ம் வருஷம் அந்நாட்டுச் சர்க்கார், தொழிலாளிகளுக்கு ஆண்டில் இரண்டு வாரம் சம்பளத்துடன் லீவு என்று சட்டம் செய்தது. அந்தக் கோடையில், கார் வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்கள் சைக்கிளிலும், இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் ஜோடிச் சைக்கிளிலும் ஏறிக்கொண்டு கிராமாந்தரங்களைப் பார்க்கப் புறப்பட்டன. அன்று வசதியில்லாதவரின் வாகனமாக இருந்தது, இன்று வசதி படைத்தவர்களும் விரும்பி ஏறும் வாகனமாகி விட்டது.

பிரான்ஸின் திராட்சைச் சீமைகளைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வெளிநாட்டார் பலர் வருகிறார்கள். இவர்களில் ஒரு சாரார் கம்பெனி சேர்க்கும் கோஷ்டியில் சேர்ந்து, வழிகாட்டி முன்னே போக, வாத்துக் கூட்டம்போல் அவர் பின்னால் போகிறார்கள். வழிகாட்டியே வேண்டாம், நாமே பார்த்துக் கொள்வோம் என்பவர்கள் இன்னொரு சாரார். இதில் ஒரு நடுவழியும் உண்டு. அறைகளைப் பதிவு செய்து, வழியையும் குறித்துக் கொடுத்து, காலையில் பெட்டியை வாங்கி மாலைக்குள் அடுத்த ஊர் ஓட்டலில் சேர்த்துவிடும் கம்பெனிகள் இருக்கின்றன. பிரயாணி தன்னோடு கொண்டுபோக வேண்டியது மழைக்கோட்டும் தண்ணீர்ப் பாட்டிலும்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செலவு பார்க்கக் கூடாது.

தாமே திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிசகைத்தான் செய்கிறார்கள். கால் எவ்வளவு தூரம் மிதிக்கும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். போகிற நாட்டின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

கால் கணக்கும் கடிகாரக் கணக்கும்

வீட்டில் உட்கார்ந்து தேசப்படத்தைப் பிரித்தால் எல்லா ஊரும் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 80 கிலோ மீட்டர் என்று போட்டுக் கொள்வது சுலபம். பழகியவர்களுக்கு அது முடியாத காரியமும் அல்ல. ஆனால் நடப்பது என்ன? காலையில் 40 கிலோ மீட்டரை முடித்துவிட்டுப் பகல் இரண்டரை மணிக்குப் பசியோடு ஒரு கிராமத்தில் இறங்குகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் அடுப்பு அணைந்தாகி விட்டது. பிரான்ஸின் சிற்றூர்களில் மத்தியானச் சாப்பாடு 12 மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும், பிறகு ராத்திரிதான். ரொட்டிக் கடையும் மூடிக் கிடக்கிறது. 11 மணிக்கு வரச் சொல்லியிருந்த ஒயின்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். சரி, நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாமென்றால் நாளை ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிறு பிற்பகலிலும் திங்களிலும் கதவைத் திறக்காத கடைகள் கிராமப்புறங்களில் ஏராளம். மூன்றாம் நாள் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசிக் கொள்வதில்லை. வாழ்நாளில் ஒரு முறை என்று பணம் சேர்த்து வந்த பிரயாணம் இப்படியாகி விடுகிறது.

ஆகவே திட்டத்தின் முதல் விதி, தூரத்தைப் பாதியாகக் குறைப்பது. ஒரு நாளைக்கு 25 முதல் 40 கிலோ மீட்டர் போதும். இரண்டாவது, தங்கி இளைப்பாறும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வருமாறு, அதுவும் பெரிய ஊரில் வருமாறு, புறப்படும் கிழமையைத் தேர்ந்தெடுப்பது. மே மாதத்தில் முதல் தேதியும் எட்டாம் தேதியும், ஆகஸ்டில் 15-ம் தேதியும் தேசிய விடுமுறை நாட்கள் என்பதையும் பஞ்சாங்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சீமை?

பிரான்ஸில் ஒயின் விளையும் சீமைகள் பல. லுவார் நதிக்கரையில் சைக்கிளுக்கென்றே சுமார் 900 கிலோ மீட்டருக்கு வழி அடையாளமிட்டிருக்கிறார்கள். மேடு இல்லை, அரண்மனைகள் ஏராளம். ஆனால் கடலை நோக்கிப் போகிறவர்களுக்கு மேல்காற்று முகத்தில் அடிக்கும். ஜெர்மன் எல்லையோரத்து அல்ஸாஸ் சீமையின் ஒயின் பாதை 1953-ல் திறக்கப்பட்டது. வழி நெடுகப் பொம்மைக் கொலு வைத்ததுபோன்ற கிராமங்கள். போர்தோ நகரிலிருந்து ஸோவ்தேர் வரை ஒரு பழைய ரெயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி, 1937-ல் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்தில் ஜெயித்த ரோஜே லாபெபீயின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழகு உண்டு.

முதல் தடவை போகிறவர்களுக்குப் பர்கண்டியே பொருத்தம். காரணம் எளிது. அங்கே உலகப் பிரசித்தி பெற்ற ஊர்கள் நாலைந்து கிலோ மீட்டருக்கு ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசைக்கு இணையாகவே ரெயில் பாதையும் ஓடுகிறது. மழை வந்தாலோ முழங்கால் மக்கர் செய்தாலோ, அடுத்த ஸ்டேஷனில் சைக்கிளோடு ரெயிலேறி விடலாம். சைக்கிளில் ஏறுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் ஏது?

பர்கண்டியின் தலைநகரான டிஜோன் பாரிஸிலிருந்து அதிவேக ரெயிலில் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். அந்த அதிவேக ரெயில்களில் சைக்கிளை எல்லா வண்டியிலும் ஏற்ற முடியாது; ஏற்றுகிற வண்டியிலும் முன்பதிவு வேண்டும். ஆதலால் டிஜோனிலோ போன் நகரிலோ வாடகைச் சைக்கிள் எடுப்பதே உத்தமம். (போன் என்றதும் தொலைபேசி நினைவுக்கு வரும், என்ன செய்வது, ஊரின் பெயர் அப்படி!) எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமா, வேறு ஊரில் விட்டால் கம்பெனியே வந்து எடுத்துக்கொள்ளுமா என்பதைப் பணம் கட்டுமுன்பே கேட்டுவிட வேண்டும். மின்சார சைக்கிளும் கிடைக்கும். அதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் முதல் மேட்டிலேயே அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்வார்கள்.

சரிவின் ரகசியம்

டிஜோனிலிருந்து தெற்கே ஸாந்தனே என்ற கிராமம் வரை சுமார் 60 கிலோ மீட்டர் நீளத்துக்கு, கிழக்கே பார்த்த ஒரு மலைச்சரிவு. காலை வெயில் முழுவதும் அதன்மேல் விழுகிறது. பர்கண்டியின் கீர்த்தி பெரும்பாலும் இந்த ஒரு சரிவில்தான் இருக்கிறது. அடிவாரத்துச் சமவெளியில் விளைவது சாதாரண ரகம். உச்சியில் மண் மெல்லியது, காற்றும் குளிர்ச்சி. நடுச்சரிவில் விளைவதுதான் ராஜ ரகம். இந்தப் பேதத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் சைக்கிளில் போனால் தொடையே சொல்லிக் கொடுத்துவிடும். கால் சற்றே கனக்கும் இடத்தில் பக்கத்துக் கொடியின் விலையும் ஏறுகிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

இந்தச் சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து, எல்லை கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி 1,247 துண்டுகள். 2015-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. ஒரு துண்டின் புகழ் ஊரின் புகழை விழுங்கிவிட்டதும் உண்டு. ஜெவ்ரே என்ற கிராமம் தன்னிடமுள்ள ஷாம்பர்த்தேன் தோட்டத்தின் பெயரை 1847-ல் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஜெவ்ரே-ஷாம்பர்த்தேன் ஆயிற்று. 1879-ல் புலினீ, புலினீ-மோன்ராஷே ஆயிற்று. வாழ வைக்கும் நிலத்தின் பெயரை ஊர் தலையில் சூடிக்கொள்வது நியாயந்தானே!

எந்த மாதம்?

பலருக்கும் அறுவடைச் சமயத்தில் போகவேண்டும் என்று ஆசை. பழம் பறிக்கும் காட்சியைப் பார்க்கலாம், பாட்டும் கூத்துமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒயின்காரருக்கு அது கல்யாண வீடு. அழையாத விருந்தாளியைக் கவனிக்க நேரமிராது. நிலவறைக் கதவு சாத்தியிருக்கும். குறுகிய தோட்டப் பாதைகளில் டிராக்டர்கள் பறக்கும். அறைகளும் முன்பே நிரம்பிவிடும்.

தவிர, அறுவடை எப்போது என்பதே இப்போது நிச்சயமில்லை. போன் நகரில் எந்த ஆண்டு எந்தத் தேதியில் அறுவடை தொடங்கியது என்பதை, மாதா கோவில் கூலிக் கணக்குகளிலிருந்தும் நகரசபைத் தீர்மானங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் திரட்டி 2019-ல் வெளியிட்டார்கள். 1354-ம் ஆண்டு தொடங்கி 2018 வரை உள்ள ஜாதகம் அது! 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28-ம் தேதி சுமாருக்குத் தொடங்கிய அறுவடை, 1988-க்குப் பிறகு சராசரி 13 நாள் முந்திவிட்டது. கொடிய வெயில் அடித்த 2003-லும், பிறகு 2020-லும் ஆகஸ்டிலேயே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிச் செப்டம்பர் கடைசியில் அறுவடை பார்க்கப் போகிறவர், வெறுங்கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

ஜூலையும் ஆகஸ்டும் சைக்கிளுக்கு ஆகாது. திராட்சைத் தோட்டத்தில் நிழல் மரமே கிடையாது. இடுப்பளவு உயரக் கொடிகளின் நடுவே, சுண்ணாம்புக் கல் மண்ணின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். ஏப்ரலில் பனி பயம். 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனியில் பிரான்ஸின் பல சீமைகளிலும் தளிர்கள் கருகின. கொடி வரிசைகளினிடையே ராத்திரி முழுவதும் மெழுகு விளக்குகளை ஏற்றிவைத்துக் காவல் காத்தார்கள். மே நடுவிலிருந்து ஜூன் நடு வரையிலும், அறுவடை முடிந்து இலைகள் பொன்னிறமாகும் அக்டோபர் ஆரம்பத்திலும் போவதே நல்லது. மே, ஜூனில் கொடிகளுக்கு மருந்தடிப்பார்கள். கொடி வரிசையைக் கால் அகட்டித் தாண்டிப் போகிற விசித்திரமான டிராக்டர் தெரிந்தால் வேடிக்கை பார்க்க நிற்காமல் காற்றுக்கு எதிர்த்திசையில் விலகிப் போய்விடுவது நல்லது.

நிலவறை வாசலில்

கம்பெனிகள் நடத்தும் பெரிய கடைகளில் யாரும் எப்போதும் நுழைந்து ருசி பார்க்கலாம். குடும்பமாகத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் அப்படி முடியாது. ஒரு வாரத்துக்கு முன்பாவது எழுதியோ, தொலைபேசியில் கேட்டோ நேரம் வாங்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பதற்கு மேல் வைத்துக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும். உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட வேண்டும். வணக்கம் சொல்லாமல் விலை கேட்பவரைப் பிரெஞ்சுக்காரர் மரியாதை தெரியாதவர் என்று தீர்மானித்துவிடுவார். காசு வாங்காமல் ருசி பார்க்கக் கொடுத்தால் ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குவது வழக்கம். ஒரு பாட்டிலின் எடை ஒரு கிலோவுக்கு மேல் என்பதை நினைவில் வைத்து, ஓட்டலுக்கோ அடுத்த ஊருக்கோ அனுப்பச் சொல்லிவிடலாம்.

ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு. ஒவ்வொரு நிலவறையிலும் படிக்கம் வைத்திருப்பார்கள். வாயில் ஊற்றி, நாக்கில் புரட்டி, அதில் உமிழ்வது அவமரியாதை அல்ல. அந்தத் தொழிலில் இருப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால் என்ற சட்ட எல்லை காருக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் உண்டு. இரண்டு கோப்பையிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடக் கூடும். பிடிபட்டால் 135 யூரோ அபராதம். 0.8 கிராமைத் தாண்டினால் கோர்ட்டு விவகாரம். அபராதத்தைக் கட்டிவிடலாம், சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்க மறந்தால் அதற்குப் பரிகாரம் இல்லை.

பிரெஞ்சுச் சைக்கிள் யாத்திரையின் தந்தை என்று கொண்டாடப்படும் பால் த விவீ (1853-1930) ஸேன்-எத்தியேன் நகரத்தில் இருந்தவர். வெலோஸியோ என்பது அவருடைய புனைபெயர். மலையேறப் பல பற்சக்கரங்களுள்ள சைக்கிள் வேண்டும் என்று வாதாடியவர். மரக்கறி உணவுக்காரர். சைக்கிள் பிரயாணிகளுக்கு அவர் ஏழு கட்டளைகள் விதித்தார். பசிக்குமுன் சாப்பிடு, தாகத்துக்குமுன் தண்ணீர் குடி என்பது அவற்றிலொன்று. ஒயினையும் மாமிசத்தையும் புகையிலையையும் வழியிலாவது விட்டுவிடு என்பது இன்னொன்று. ஒயின் தேசத்திலேயே பிறந்தவர் சொன்னது இது! ஒரு சொட்டும் தொடாதவர்கள் இந்த யாத்திரையில் எதையும் இழந்துவிட மாட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மரக்கறிக்காரர்களுக்கு அங்கே சாப்பாடுதான் கொஞ்சம் சங்கடம். ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சியும் பூண்டு வெண்ணெயில் நத்தையும் பர்கண்டியின் பெருமைகள். வீட்டின் சில அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்களில் தங்குவதானால், அறை பதிவு செய்யும்போதே இன்னது சாப்பிட மாட்டோம் என்று எழுதிவிட வேண்டும். ராத்திரிச் சாப்பாடும் முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும். பகலுக்கு, காலையிலேயே ரொட்டியும் பாலாடைக் கட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பிறகு கடிகாரத்துக்குப் பயமில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடவேண்டும். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். பிரெஞ்சுச் சைக்கிள்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி இது. குடிக்க லாயக்கில்லை என்று பலகை தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாரத்து வழி

நம் நாட்டவர்கள் முதல் நாள் காலையில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே வலது பக்கமாகப் போகவேண்டும். நேர்ச் சாலையில் நினைவிருக்கும். காலிச் சாலையில் இடப்பக்கம் திரும்பும்போதுதான் பழக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அடையாளப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு மிதிப்பது 2015 முதல் குற்றம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2017 முதல் ஹெல்மெட் கட்டாயம்; பெரியவர்களுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் தலை உண்டு.

டிஜோனிலிருந்து தெற்கே போகும் டி.974 நெடுஞ்சாலை சைக்கிளுக்கு ஏற்றதல்ல, லாரிகள் அதிகம். அதற்கு மேற்கே, சரிவின் அடியோடு கிராமங்களைக் கோத்துக்கொண்டு போகும் சிறு சாலையைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் நுயீ-ஸான்-ஜார்ஜ் வரை சுமார் 25 கிலோ மீட்டர். வழியில் வூஜோ. சிஸ்டெர்ஸியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்த 50 ஹெக்டேர் தோட்டம் அங்கே இருக்கிறது. புரட்சியின்போது மடத்தின் கையை விட்டுப் போய், பாகம் பாகமாகப் பிரிந்து, இன்று ஒரே மதிலுக்குள் சுமார் 80 சொந்தக்காரர்கள்! அதைத் தாண்டினால் வோன்-ரொமானே. உலகத்திலேயே அதிக விலை போகும் ஒயின்களில் ஒன்றைத் தரும் ரொமானே-கோந்தீ தோட்டம், இரண்டு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு சாதாரணக் கொல்லை; ஓரத்தில் ஒரு கற்சிலுவை. காவலும் இல்லை, கோபுரமும் இல்லை.

மறுநாள் போன் நகரம். அங்கே ஒரு நாள் முழுவதும் தங்க வேண்டும். 1443-ல் பர்கண்டிப் பிரபுவின் மந்திரி நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோனும் ஏழை நோயாளிகளுக்காகக் கட்டிய தர்ம ஆஸ்பத்திரி, பல வர்ண ஓடு வேய்ந்த கூரையுடன் நகர நடுவே நிற்கிறது. 1971 வரை அதில் நோயாளிகள் இருந்தார்கள். காலங்காலமாகப் புண்ணியவான்கள் எழுதிவைத்த திராட்சைத் தோட்டம் சுமார் 60 ஹெக்டேர் அதற்குச் சொந்தம். அதன் ஒயினை 1859 முதல் ஏலம் விட்டு, தர்ம காரியத்துக்குச் செலவிடுகிறார்கள். ஏலம் நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

போன் நகரிலிருந்து ஸாந்தனே வரை 22 கிலோ மீட்டர் சுமாருக்குக் கொடிகளின் நடுவிலேயே சைக்கிள் வழி. பொமார், வொல்னே, மெர்ஸோ, புலினீ என்று புட்டியில் ஒட்டிய சீட்டில் மட்டும் பார்த்த பெயர்கள் ஒவ்வொன்றாக ஊராக எதிரே வரும். இரண்டு மணியில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு நாள் முழுவதையும் இதற்கே ஒதுக்குபவர்தான் புத்திசாலி. அதற்கப்புறம் கால்வாய்க் கரை. ஸாந்தனேயிலிருந்து ஷாலோன் வழியாக ஜிவ்ரீ வரை சுமார் 35 கிலோ மீட்டர், பெரும்பாலும் தண்ணீரையொட்டிச் சமதளம்.

ஜிவ்ரீயிலிருந்து க்ளூனீ வரை 44 கிலோ மீட்டர் கைவிடப்பட்ட ரெயில் பாதை. பிரான்ஸிலேயே இவ்விதம் மோட்டார் வண்டி புகாத பசுமை வழியாக மாற்றிய முதல் பாதை இது; 1997-ல் திறந்தார்கள். க்ளூனீயில் 910-ல் தோன்றிய மடத்தின் கோவில், ரோமாபுரி ஸேன்ட் பீட்டர் கோவில் கட்டப்படும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரிது. புரட்சிக்குப் பின் இடித்துக் கல்லை விற்றார்கள். எஞ்சியிருக்கும் சிறு பகுதியே கழுத்தை வலிக்கச் செய்யும் உயரம்.

கடைசி நாள் மாகோன் வரை 25 கிலோ மீட்டர். வழியில் 1.6 கிலோ மீட்டர் நீளமுள்ள பழைய ரெயில் குகை வரும். கோடையிலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். வௌவால்கள் தூங்குவதற்காகக் குளிர்காலத்தில் அதை அடைத்துவிடுகிறார்கள். காலந்தாழ்த்திப் போகிறவர்கள் மலையைச் சுற்றி ஏறித்தான் இறங்க வேண்டும். ஆக மொத்தம் ஒரு வாரத்தில் 170 கிலோ மீட்டர், அதாவது சுமார் 105 மைல். மாகோனிலிருந்து டிஜோனுக்குச் சாதாரண ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டு இடப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார வேண்டும். மிதித்து வந்த சரிவு முழுவதும் அந்தப் பக்கம்தான் தெரியும்.